ஆமா வீட்டுக் களி

நேயர்களுக்கு அன்பின் வணக்கம். 'விசுவாசப் பயணம்' என்ற தலைப்பில் பேச அழைத்திருக்கிறார்கள். என் வயதுக்கும் முட்டி வலிக்கும் பயணம் என்றாலே விசுவாசம்தான். சரி, 2019 நவம்பரில் எங்கள் சபையிலிருந்து ஏழு பேர் நேபாளத்துக்குப் போய் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்த கதையைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டைப் பக்கத்தில் மிஷனெரி ஊழியம் புதிதல்ல. 1903-லேயே இங்கே இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, நம் பணத்தில் நம் ஆட்களைத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பினார்கள். என் பாட்டி உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியாக ஒரு தகர டப்பாவில் போடுவாள். பிடியரிசிக் காணிக்கை. அந்த டப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் நேபாளத்துக்கு நான் கட்டிய பெட்டியைப் பார்த்திருந்தால் பாட்டி சிரித்திருப்பாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஜெபக்கூட்டத்தில் லூக்கா பத்தாம் அதிகாரம் வாசித்தோம். இயேசு எழுபது பேரை அனுப்புகிறார். பணப்பை வேண்டாம், சாமான்பை வேண்டாம், போகிற வீட்டில் முன்னே வைப்பதைச் சாப்பிடுங்கள் என்கிறார். ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பருப்புப்பொடி, இட்லிப்பொடி, மாங்காய் ஊறுகாய், சுக்குக்காப்பித் தூள் எல்லாவற்றையும் கட்டினோம். ஏழு பேருக்குப் பதினாறு பை!

சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயிலில் இரண்டு இரவு. அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி. எல்லையை நடந்தே தாண்டினோம். நமக்கு விசா கிடையாது. அந்தப் பக்கம் கடிகாரம் கால் மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அப்போது 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டு அங்கே செல்லாது என்பதால், ஆளுக்கொரு நூறு ரூபாய்க் கட்டை மடியில் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டு மொய்க்காரர்கள் போலப் போனோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நேபாளத்தில் மதம் மாற்றுவது குற்றம். 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஐந்து ஆண்டுவரை சிறை, 50,000 ரூபாய்வரை அபராதம். வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி, "சுவிசேஷக் கைப்பிரதிகளைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றான். "உன்னைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். நீ பஸ் ஏறின பிறகு அந்த ஊர்ப் போதகரைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும்" என்றேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அப்புறம் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தான். 1954-ல் ஐக்கிய நேபாள மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு அங்கே போனதும்கூட, மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் நடத்தலாம், மதம் மாற்றக்கூடாது என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டுதான். அவர்கள் ஒப்புக்கொண்டதை ஒன்பது நாள் விருந்தாளி மீறலாமா?

நாங்கள் போனது கூர்க்கா மாவட்டத்தில் ஒரு மலைக் கிராமம். வேலை, ஆலயத்தை ஒட்டிக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அறைக்கு மணலும் கல்லும் சுமப்பது. டோகோ என்கிற மூங்கில் கூடையை முதுகில் வைத்து, அதன் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். எங்கள் வாலிபர்கள் கால் கூடை மணலோடு பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார்கள். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் நிறைகூடையோடு அவர்களைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் ஏதோ சொன்னார். இந்தி தெரிந்த எங்கள் ஆள் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

அந்தப் பாட்டி வீட்டில்தான் பெண்கள் நாங்கள் மூன்று பேர் தங்கினோம். எல்லோரும் அவரை ஆமா என்றார்கள். நேபாளியில் ஆமா என்றால் அம்மா. நாங்களோ எங்களுக்குள் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை "ஆமா, ஆமா" என்கிறவர்கள். ஒவ்வொரு தடவையும் அவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் ராத்திரி விஷயம் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பாருங்கள். அதற்கப்புறம் எங்களுக்குள் மொழிப் பிரச்சினையே இல்லை.

முதல் ராத்திரி எங்கள் முன்னே வைத்தது திடோ. பித்தளைத் தட்டில் கரும்பழுப்பாக ஓர் உருண்டை, நடுவே குழி, பக்கத்தில் கீரையைப் புளிக்கவைத்து, காயவைத்துக் காய்ச்சின குந்த்ருக் ரசம். பொடி டப்பாவைத் திறக்கலாமா என்று கூட வந்த அக்கா கண்ணால் கேட்டார். நான் ஒரு விள்ளல் கிள்ளி, ரசத்தில் தொட்டு, மெல்லாமல் விழுங்கினேன். கேப்பைக்களி! அப்படியே என் பாட்டி கிண்டின கேப்பைக்களி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆமா அதைப் புகை என்று நினைத்து விறகை இழுத்துவிட்டார்.

அங்கே வார விடுமுறை சனிக்கிழமை. சபை கூடுவதும் அன்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நம் கிராமத்துக் கோயில் போலவே. "ஜெய் மசீ", அதாவது கிறிஸ்துவுக்கு ஜெயம், என்று கும்பிட்டுக்கொண்டார்கள். ஆராதனை முடிந்ததும் போதகர் நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னார். 2015 ஏப்ரல் 25, அதுவும் சனிக்கிழமை, பகல் 11.56. பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததால் எத்தனையோ பிள்ளைகள் தப்பினார்கள். ஆராதனை நடந்துகொண்டிருந்த ஆலயங்கள் இடிந்து உள்ளே இருந்தவர்கள் செத்தார்கள். நாடு முழுக்க ஏறக்குறைய 9,000 பேர். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அதற்கு வசன விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் சபைக் கமிட்டியில் ஒருவர் முன்பே கேட்டிருந்தார்: ஏழு பேர் போய்வருகிற செலவை அப்படியே அனுப்பினால் நாலு வீட்டுக்குத் தகரம் போடலாமே? நியாயமான கேள்வி. போதகரிடமே கேட்டேன். "தகரமும் வேண்டியதுதான்" என்றார். "நிலநடுக்கத்துக்குப் பிறகு நிறைய வண்டிகள் வந்தன. சாமான் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், இருட்டுவதற்குள் இறங்கிவிட்டார்கள். ராத்திரி தங்கினவர்கள் குறைவு." இது முழுப் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். கமிட்டிக்காரரும் திருப்திப்படவில்லை. அதனால் அடுத்த தடவை ஏழு பேருக்குப் பதில் மூன்று பேர், மீதிப் பணத்துக்குத் தகரம் என்று முடிவாயிற்று.

கிளம்புகிற அன்று பைகளைக் காலி செய்து எல்லா டப்பாவையும் ஆமாவிடம் கொடுத்தேன். இட்லிப்பொடியை நாக்கில் வைத்துப் பார்த்து நாலு தும்மல் போட்டார். இப்போது நாங்கள் மறுபடி போகப்போகிறோம் என்று தெரிந்ததும் போதகர் மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்: அந்தச் சிவப்புத் தூள் தீர்ந்துபோயிற்றாம், வரும்போது கொண்டுவர வேண்டுமாம்.