ஊரை முன்பே, மலையை முந்தின இரவில்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் நியூ ஜெர்சியில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன். என் பிள்ளைகள் பனிச்சறுக்குப் பழகியது பக்கத்தில் பென்சில்வேனியாவில், போக்கனோ மலைகளில். அவர்களோடு சேர்ந்துதான் நானும் கற்றுக்கொண்டேன். அங்கே சறுக்குவது பெரும்பாலும் இயந்திரம் பீய்ச்சிக் கொட்டுகிற பனியில். அதனால் நிஜமான மலை, நிஜமான பனி என்றால் மேற்கே போக வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வந்துவிடும். எனக்கும் வந்தது. எங்கே போவது, போகிற நாளில் பனி எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? இதைப் பற்றிப் பேசத்தான் நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று நான் பனி என்று சொல்வது மார்கழிப் பனியை இல்லை; வானத்திலிருந்து பஞ்சு போல விழுகிற பனியை. அது உருகி, மறுபடி உறைந்து இறுகிவிட்டால் ஐஸ் என்று சொல்வேன். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

முதல் முறை மேற்கே போனது கலிபோர்னியாவின் டாஹோ ஏரிப் பக்கம். கிளம்புவதற்கு முன்னால், அந்த மலையின் சறுக்கு மையம் வெளியிடுகிற பனி அறிக்கையைப் பார்த்தேன். மொத்த ஆழம் 110 அங்குலம் என்று போட்டிருந்தது. ஒன்பது அடிப் பனி! வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்த இரவு சூடான புயல் ஒன்று வந்து, மலையின் முக்கால் உயரம் வரை மழையாகவே கொட்டியது. விடியற்காலையில் வானம் தெளிந்து குளிர் இறங்கியது. காலை ஒன்பது மணிக்கு, மலை மேலே கொண்டுபோய் விடுகிற கம்பி நாற்காலியான லிஃப்டிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தபோது, தோசைக்கல்லைக் கரண்டியால் சுரண்டுவது போல ஒரு சத்தம். மலை முழுக்க அதே சத்தம். ஒன்பது அடிப் பனி அங்கே இருந்தது உண்மைதான்; அதன் மேல் ஒரு விரல் கனத்துக்குக் கண்ணாடி போல ஐஸ். என் மகள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "அம்மா, இதுக்கா இவ்ளோ தூரம் பறந்து வந்தோம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க வைத்தது.

மேற்குப் பனி பெரும்பாலும் பசிபிக் கடலிலிருந்து வருகிறது. புயல் முதலில் முட்டுவது கடலோர மலைத்தொடர்களில். வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் பேக்கர் சறுக்கு மையத்தில் 1998-99 பருவத்தில் 1,140 அங்குலம் விழுந்தது. ஒரே பருவத்தில் அளந்ததில் உலகச் சாதனை அதுதான். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பக்கத்து மலைகளின் அடிவாரம் தாழ்வானது, கடற்காற்று மிதமானது. புயல் கொஞ்சம் சூடாக வந்தால் பனி மழையாகிவிடும். கனடாவின் விஸ்லரும் அப்படித்தான்: உச்சியில் அருமையான பனி விழும்போது கீழே ஊரில் குடை பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

கலிபோர்னியாவின் சியரா மலைகளில் பனி நிறைய விழும், ஈரமாக விழும். அங்குள்ளவர்களே அதற்கு 'சியரா சிமென்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்புறம் அதே புயல் நெவாடாவின் வறண்ட நிலத்தைத் தாண்டி யூட்டா போய்ச் சேர்வதற்குள் ஈரத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும்; காற்றும் குளிர்ந்திருக்கும். அதனால் அங்கே விழுவது லேசான பனி. சறுக்குகிறவர்கள் ஆசையாகப் பவுடர் என்று சொல்வது இதைத்தான். கொலராடோ இன்னும் உள்ளே, இன்னும் உயரத்தில். புயல்கள் சின்னதாக வரும். ஆனால் குளிர் விடாது, விழுந்த பனி கெடாமல் கிடக்கும்.

இந்த வித்தியாசத்தைக் கையாலேயே பார்க்கலாம். லிஃப்டுக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு பிடி பனியை எடுத்து அழுத்துங்கள். கொழுக்கட்டை மாதிரி உருண்டையாகப் பிடிபட்டால் ஈரம் அதிகம். காலைத் திருப்பவே பலம் வேண்டும், மதியத்துக்குள் தொடை கடுக்கும். ரவை மாதிரி விரலிடுக்கில் உதிர்ந்தால் நல்ல குளிர்ந்த பனி. கணக்காகச் சொன்னால், பொதுவாகப் பத்து அங்குலப் பனியை உருக்கினால் ஒரு அங்குலத் தண்ணீர் வரும் என்பார்கள். சியராவில் அதே தண்ணீருக்கு எட்டு அங்குலப் பனி போதும். யூட்டாவில் பன்னிரண்டு, நல்ல குளிர்ப் புயலில் அதற்கும் மேலே வேண்டியிருக்கும்.

சரி, எங்கே போகலாம்? உங்கள் வீட்டில் யார் மிகவும் தடுமாறுவார்களோ, அவரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு ஆழமான பவுடர் சுகமில்லை, சிரமம். இரவில் இயந்திரம் ஓட்டிச் சமன் செய்து, கோடு கோடாக வாரிவிட்ட பாதைதான் அவருக்கு வேண்டும். யூட்டாவின் டீர் வேலி இதற்குப் பேர் போனது. பாதைகளுக்கு, சுலபமானதற்குப் பச்சை வட்டம், நடுத்தரத்துக்கு நீலச் சதுரம், கடினமானதற்குக் கறுப்பு வைரம் என்று அடையாளம் இருக்கும். ஆனால் அந்த நிறங்கள் அந்தந்த மலைக்குள் மட்டும் ஒப்பிட்டுப் போட்டவை. நியூ ஜெர்சியில் கறுப்பு இறங்கிவிட்டோம் என்று நம்பிக்கொண்டு வயோமிங்கின் ஜாக்சன் ஹோலில் போய் நின்றால், அங்கே உள்ள நீலமே பயமுறுத்தும்.

அடுத்தது, மலை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. எனக்கு இதுதான் மிகவும் முக்கியமாகப் படுகிறது. வடக்கு பார்த்த சரிவில் குளிர்கால வெயில் அதிகம் படாது. புயல் போய் ஐந்து நாள் ஆனாலும் பனி மிருதுவாக இருக்கும். தெற்கு பார்த்த சரிவில் பகலில் உருகி, இரவில் உறைந்து, மறுநாள் காலை ஓடு கட்டிவிடும். ஜாக்சன் ஹோலின் சரிவுகள் பெரும்பாலும் கிழக்கும் தென்கிழக்கும் பார்த்தவை. புயல் அடிக்கிற வாரத்தில் அதற்கு ஈடு கிடையாது. மார்ச்சில் நான்கு நாள் வெயில் அடித்துவிட்டால் காலையில் இறுகிப்போயிருக்கும். யூட்டாவின் ஆல்டாவில் வடக்கு பார்த்த சரிவுகள் நிறைய. உயரமும் 8,500 அடியிலிருந்துதான் ஆரம்பம். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். இதனால்தான் கலிபோர்னியா போவதாக இருந்தால், 6,200 அடியில் இருக்கிற டாஹோவை விட, 11,053 அடி வரை ஏறுகிற மம்மத் மலையை நான் சொல்வேன். மழை அபாயம் அங்கே குறைவு.

உயரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜ் ஊரே 9,600 அடியில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரத்தை விட ஏறக்குறைய ஆயிரம் அடி மேலே போய்ப் படுத்துத் தூங்குகிறோம். முதல் இரவு குழந்தைகளுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தால் ஆச்சரியமில்லை. ஒரு இரவு டென்வரில் தங்கிவிட்டு ஏறுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்க வையுங்கள்.

இப்போது பனி அறிக்கைக்கு வருவோம். டார்ட்மவுத் கல்லூரியின் பொருளாதார அறிஞர்கள் ஜோனதன் ஜின்மன், எரிக் சிட்செவிட்ஸ் இருவரும் சறுக்கு மையங்களின் அறிக்கைகளை ஆராய்ந்தார்கள். வார இறுதி நாட்களில் மையங்கள், மற்ற நாட்களை விட 23 சதவீதம் அதிகப் புதுப் பனியைச் சொல்லியிருந்தன. வானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா? கூட்டம் வருகிற நாளில் எண்ணும் ஏறியிருக்கிறது. சறுக்குகிறவர்கள் மலையிலிருந்தே கைப்பேசியில் நிலவரத்தைப் பகிரத் தொடங்கிய பிறகு அந்த மிகைப்படுத்தல் குறைந்தது என்பதையும் அவர்களே காட்டினார்கள்.

அதனால் நான் எண்ணை நம்புவதை விட்டுவிட்டு, கேமராவைப் பார்க்கிறேன். நிறைய மையங்கள் இப்போது ஒரு வெள்ளைப் பலகையில் அளவுகோலை நட்டு, அதன் முன்னால் கேமரா வைத்திருக்கின்றன. தினம் பலகையைத் துடைத்துவிடுவார்கள். இரவில் விழுந்தது அளவுகோலில் அப்படியே தெரியும். இன்னொன்று ஸ்நோடெல். அமெரிக்க வேளாண் துறை மேற்கு மலைகளெங்கும் வைத்திருக்கிற தானியங்கி நிலையங்கள் இவை. தரையில் பெரிய தலையணை மாதிரி ஒரு பையில் திரவத்தை நிரப்பி வைத்திருக்கிறார்கள்; பனி அதன் மேல் ஏறி உட்காரும்போது அழுத்தத்தை வைத்து எடை தெரியும். எடையிலிருந்து, அந்தப் பனியில் எவ்வளவு தண்ணீர் என்பது தெரியும். பக்கத்து நிலையத்தில் வெப்பநிலையையும் பாருங்கள். கடந்த ஒரு வாரத்தில் பூஜ்யத்துக்கு மேலே ஏறி, பிறகு கீழே இறங்கியிருந்தால், அங்கே ஓடு கட்டியிருக்கும். எனக்கு டாஹோவில் நடந்தது அந்த வெப்பநிலை வரைபடத்தில் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

'வழக்கத்தில் இத்தனை சதவீதம்' என்ற கணக்கில் மட்டும் கவனமாக இருங்கள். நவம்பரில் வழக்கமே கொஞ்சம்தான். அதில் 200 சதவீதம் என்றாலும் பாறை மூடியிருக்காது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மேற்கே போவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கூட்டம் உச்சத்தில், விலையும் உச்சத்தில், பனி இன்னும் சேர்ந்திருக்காது. பிப்ரவரி நல்லது, பள்ளி விடுமுறை ஒத்துவந்தால் மார்ச் முதல் பாதி இன்னும் நல்லது.

பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தை விடக் குளிர்ந்தால் லா நினா, சூடானால் எல் நினோ என்பார்கள்; அவை பற்றியும் கேட்பார்கள். லா நினா வருஷத்தில் பனி வாஷிங்டன், மொண்டானா போன்ற வடக்குப் பக்கம் சாயும். எல் நினோவில் தெற்குப் பக்கம் சாயும். நடுவில் இருக்கிற யூட்டாவுக்கு இரண்டும் தெளிவாக எதையும் சொல்வதில்லை. அவ்வளவுதான். அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு மாறும் என்பதற்குக் கலிபோர்னியாவே சாட்சி: 2015 ஏப்ரல் முதல் தேதி மாநிலத்தின் மலைப் பனி வழக்கத்தில் 5 சதவீதம்; 2023 ஏப்ரல் தொடக்கத்தில் 237 சதவீதம். அந்த 2022-23 பருவத்தில் ஆல்டாவில் 903 அங்குலம் கொட்டி, சாலையையே பல நாள் மூட வேண்டியதாயிற்று.

இவ்வளவையும் பார்த்த பிறகு நான் வந்து நின்ற இடம் இது: ஊரை முன்பே முடிவு செய்யுங்கள், மலையை முந்தின இரவில் முடிவு செய்யுங்கள். இதற்கு சால்ட் லேக் சிட்டி மாதிரி வாகான ஊர் வேறு இல்லை. விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் ஆல்டா, ஸ்நோபேர்ட், பிரைட்டன், சாலிட்யூட், பார்க் சிட்டி, டீர் வேலி, ஸ்நோபேசின். மலை மேல் தங்காமல் கீழே நகரத்திலேயே அறை எடுங்கள். வாடகையும் குறையும், எந்தப் பள்ளத்தாக்குக்கும் போகலாம். கொலராடோவில் மலைகள் பெரியவைதான். ஆனால் டென்வரிலிருந்து போகிற 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் சனிக்கிழமை காலையில் மாட்டிக்கொண்டால் பாதி நாள் போய்விடும்.

லிஃப்டில் ஏறுவதற்கான சீட்டு விஷயத்தில் மட்டும் முன்யோசனை வேண்டும். பெரிய மலைகளில் கூட்ட நாளில் ஒரு நாள் சீட்டே 300 டாலரைத் தாண்டுகிறது. பல மலைகளுக்கும் சேர்த்துச் செல்லுகிற எபிக், ஐகான் என்ற இரண்டு பாஸ்களில் ஒன்றை இலையுதிர் காலத்திலேயே வாங்கிவிட வேண்டும். டிசம்பர் முதல் பாதிக்கு மேல் விற்பனையை நிறுத்திவிடுவார்கள். சால்ட் லேக் பக்கம் எபிக்கில் பார்க் சிட்டி ஒன்றுதான். ஐகானில் பல மலைகள். பட்டியலும் நாள் கணக்கும் மாறிக்கொண்டே இருக்கும், வாங்கும்போது பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. புதுப் பனி ஆழமாக விழுந்த நாளில், ஊசியிலை மரங்களின் அடியில் கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் குழி மாதிரி இருக்கும். அதில் தலைகுப்புற விழுந்தால் தானாக வெளியே வர முடியாது, மூச்சு முட்டிவிடும். பிள்ளைகளை மரங்களுக்குள் தனியாக விடாதீர்கள். எல்லைக் கயிற்றைத் தாண்டவே கூடாது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பனிச்சரிவைத் தடுக்க யாரும் வேலை செய்திருக்க மாட்டார்கள்.

ஒரு மார்ச் மாதம் சால்ட் லேக்கில் தங்கியிருந்தோம். இரவு ஒன்பது மணிக்கு தேசிய வானிலை சேவையின் வரைபடத்தில் மலை உச்சி இருக்கிற புள்ளியைத் தொட்டுப் பார்த்தேன். நகரத்துக்கான முன்னறிவிப்பு மலைக்குப் பயன்படாது. மைனஸ் 9 டிகிரி, காற்று வடமேற்கு. காலை ஐந்து மணிக்கு எழுந்து கேமராக்களைப் பார்த்தேன். ஆல்டாவின் அளவுகோலில் பதினோரு அங்குலம். ஆனால் பனிச்சரிவு அபாயத்துக்காக அந்தப் பள்ளத்தாக்குச் சாலையை மூடியிருந்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிரைட்டனில் எட்டு அங்குலம், சாலை திறந்திருந்தது. இட்லிக்கு நேரமில்லை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு கிளம்பினோம். முதல் லிஃப்டில் ஏறி இறங்கியதும் மகள் குனிந்து ஒரு பிடி பனியை எடுத்து அழுத்தினாள். விரல்களைத் திறந்தபோது அது மாவாகப் பறந்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எனக்காகக் காத்திருக்காமல் இறங்கிப் போய்விட்டாள். அவள் போன வழியில் எந்தச் சத்தமும் இல்லை.

நன்றி, வணக்கம்.