பழைய தோழமை போருக்கு எல்லை வகுத்தது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "ஒரே படையில் பணியாற்றியவர்கள் பின்னர் எதிரிகளானபோது, பழைய தோழமை போரின் கடுமையைக் குறைத்ததா, இல்லையா?" என்பது இன்றைய வழக்கு. குறைத்தது என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய 1947, 1965, 1971 போர்களை அடுக்கி, தோழமை எதைத் தடுத்தது என்று கேட்டார். போர் மூளாமல் தடுத்தது என்று நாங்கள் வாதிடவில்லை. மூண்ட போர் எதுவரை போகலாம் என்பதில் அதற்குப் பங்கு இருந்தது என்கிறோம்.

இரு நாட்டுத் தளபதிகளும் ஒரே பிரிட்டிஷ் இந்தியப் படையில் வளர்ந்தவர்கள். டேராடூன் ராணுவக் கல்லூரியில் 1932-இல் சேர்ந்த முதல் அணியில், 1971-இல் இந்தியத் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய மானெக்‌ஷாவும் இருந்தார், 1965-இல் பாகிஸ்தான் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய முகமது மூசாவும் இருந்தார். 1942-இல் பர்மாவில் மானெக்‌ஷா குண்டடி பட்டபோது அவர் பணியாற்றிய ரெஜிமென்ட், பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போயிற்று.

என் முதன்மைச் சான்று 1965 ஏப்ரலில், குஜராத் எல்லையில் உள்ள கட்ச் ரண் என்னும் உப்புச் சதுப்பு நிலப் பகுதியில் நடந்த மோதல். தரைப்படைகள் மோதிக்கொண்டிருந்தபோது, பாகிஸ்தான் விமானப்படைத் தளபதி அஸ்கர் கான், இந்திய விமானப்படைத் தளபதி அர்ஜன் சிங்கைத் தொலைபேசியில் அழைத்து, இரு விமானப்படைகளும் இதில் இறங்காமல் இருக்கலாம் என்றார். ஜப்பானியருக்கு எதிராக ஒரே விமானப்படையில் பறந்த இருவர் அவர்கள். விமானங்கள் அந்தச் சண்டையில் இறங்கவில்லை; ஜூன் 30-இல் உடன்பாடும் ஏற்பட்டது. முன்பின் அறியாத எதிரியிடமிருந்து இப்படியோர் அழைப்பு வந்திருந்தால், அதைச் சூழ்ச்சி என்று எண்ணாமல் ஏற்றுக்கொள்ள எத்தனை தளபதிகளுக்கு மனம் வந்திருக்கும்? செப்டம்பரில் இரு விமானப்படைகளும் முழுமூச்சாக மோதின என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஏப்ரலில் காக்கப்பட்ட உயிர்களை, செப்டம்பரைக் காட்டி இல்லையென்று ஆக்கிவிட முடியாது.

அந்தச் செப்டம்பரிலேயே, இந்தியத் தரைப்படையின் ஓய்வுபெற்ற தளபதி கரியப்பாவின் மகன், விமானம் சுடப்பட்டுப் பாகிஸ்தானிடம் சிறைப்பட்டார். ஒருகாலத்தில் கரியப்பாவின் கீழ்ப் பணியாற்றிய அயூப் கான்தான் அப்போது பாகிஸ்தான் அதிபர். மகன் நலம் என்று அவர் தகவல் அனுப்பினார். கரியப்பாவோ, தம் மகனுக்கெனத் தனிச் சலுகை வேண்டாம், எல்லாக் கைதிகளையும் நன்றாக நடத்துங்கள் என்றார். இதெல்லாம் அதிகாரிகளுக்கு இடையேயான மரியாதை, சிப்பாய்க்கு என்ன பயன் என்று எதிரணியினர் கேட்டார்களே, அவர்களுக்குக் கரியப்பாவின் விடையே போதும்.

1971 மார்ச் 25 இரவில், அப்போது கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த டாக்காவின் பில்கானா படைமுகாமில், பாகிஸ்தானின் சொந்த எல்லைக்காவல் படையைச் சேர்ந்த வங்காளி வீரர்களைப் பாகிஸ்தான் ராணுவமே தாக்கியதை எதிரணி எடுத்துக்காட்டியது. நெஞ்சை அறுக்கும் உண்மை அது. ஆனால் வங்காளிகளைப் போருக்கு உதவாதவர்கள் என்று ஒதுக்கி, படையில் அவர்களுக்கு உரிய இடத்தைத் தராமலே வைத்திருந்தார்கள். ஒரே நாட்டுச் சீருடையை அணிந்தும் சமமாக நடத்தப்படாதவரிடம் தோழமை ஏது? இல்லாத தோழமை தோற்றது என்று எப்படிச் சொல்வது? கட்ச் வானத்தில் விமானங்களை நிறுத்தி வைத்தது பழைய நம்பிக்கை அல்ல என்றால், வேறு எது என்பதை அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் சொல்லட்டும்.