தண்ணீர் இறங்கும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

மலையில் நடக்கப் போகிறவர்கள் சிகரத்தைப் பார்ப்பார்கள், அருவியைப் பார்ப்பார்கள். காலுக்குக் கீழே இருக்கும் பாதையை யாரும் பார்ப்பதில்லை. நானும் பல வருடம் அப்படித்தான் நடந்தேன். மான் நடந்து, அதன் பின்னால் மனிதன் நடந்து, பாதை தானாக உண்டாகிவிடும் என்றொரு நினைப்பு. ஒரு கோடையில் அமெரிக்காவின் மேற்கு மலைகளில், பாதை சீர்செய்யும் தன்னார்வலர்களோடு எட்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கி வேலை செய்தேன். அதோடு அந்த நினைப்பு போய்விட்டது.

அந்த நாட்டில் நெடும்பாதைகள் பல உண்டு. கிழக்கே அப்பலாச்சியன் பாதை ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 2,190 மைல் போகிறது. மேற்கே பசிபிக் கிரெஸ்ட் பாதை மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை, சுமார் 2,650 மைல். 1968-ல் வந்த சட்டம் முதன்முதலில் தேசியப் பாதைகளாக அறிவித்தது இந்த இரண்டையும்தான். அறிவித்தது அரசாங்கம். விழுந்த மரத்தை அறுக்கவும், புதர் வெட்டவும், மண்ணை அள்ளவும் பெரும் பங்கு கை கொடுப்பவர்கள் சம்பளம் வாங்காத ஆட்கள்.

எங்கள் குழுவில் பத்துப் பேர். தலைவி அறுபதைத் தாண்டியவர். முதல் நாள் ஏழு மைல் ஏற்றம். கூடாரமும் துணிமணியும் எங்கள் முதுகில். கருவிகளையும் உணவையும் கோவேறு கழுதைகள் சுமந்தன. அவை எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்து புல் மேய்ந்துகொண்டிருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் வேலை செய்தது 1964-ஆம் ஆண்டின் வனப்பகுதிச் சட்டத்துக்குள் வரும் காடு. அங்கே மோட்டார் வைத்த கருவிகளுக்குப் பொதுவாகத் தடை. எந்திர ரம்பம் கூடாது. மண் அள்ள ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகூடக் கூடாது, வாளியில்தான் சுமக்க வேண்டும். அதனால் நூறு வருடம் முன்பு மரம் வெட்டியவர்கள் பயன்படுத்திய ரம்பம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆள் உயரம், இரண்டு முனையிலும் கைப்பிடி, ஆளுக்கொரு பக்கம்.

பார்த்தால் எளிது. பிடித்தால்தான் தெரியும். இழுக்க மட்டும்தான் வேண்டும், தள்ளக் கூடாது. தள்ளினால் தகடு வளைந்து சிக்கிக்கொள்ளும். எதிரே இருப்பவர் இழுக்கும்போது நம் கையைத் தளர்த்திவிட வேண்டும். எனக்கு அதுதான் வரவில்லை. அரை நாள் கழித்துத்தான் கை பழகியது. நன்றாகத் தீட்டிய ரம்பம் மரத்தை நூல் நூலாக உரித்துத் தள்ளும். வெறும் தூள் வந்தால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

அறுப்பதைவிட, எங்கே அறுப்பது என்று பார்ப்பதற்குத்தான் அதிக நேரம் போனது. இரண்டு முனையும் எதன் மேலாவது தங்கி நடுவில் தொங்கும் மரத்தில், மேல்பக்கம் நெருக்கப்பட்டிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்து அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்விவிடும். அதனால் வெட்டுக்குள் ஆப்பு அடித்துக்கொண்டே போக வேண்டும். (நமக்கு ஆப்பு என்றால் வேறு அர்த்தம். அங்கே அதுதான் காப்பாற்றியது.) பயிற்சி பெற்றுச் சான்று வாங்கியவர் பொறுப்பேற்காமல் பெரிய மரத்தில் ரம்பத்தை வைக்கவே விடமாட்டார்கள்.

இன்னொரு கருவி புலாஸ்கி. ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண்வெட்டி போன்ற தகடு. 1910-ல் ஐடஹோ, மொன்டானா காடுகளைப் பொசுக்கிய பெருந்தீயில், தன் ஆட்களைச் சுரங்கம் ஒன்றுக்குள் அழைத்துப்போய்ப் பெரும்பாலோரைக் காப்பாற்றினார் எட் புலாஸ்கி என்ற வனக்காவலர். கருவிக்கு அவர் பெயர்தான். வேரையும் வெட்டலாம், மண்ணையும் கொத்தலாம். நடக்கும்போது உறை போட்டு, சரிவு இருக்கும் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். கால் வழுக்கினால் கீழே வீசிவிடலாம் அல்லவா?

சரி, விழுந்த மரம் போகட்டும். பாதைக்கு உண்மையான எதிரி தண்ணீர். மலைப்பாதையின் தளம் வெளிப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மழைநீர் குறுக்கே வழிந்து சரிவில் இறங்கும். நடப்பவர்கள் கால்பட்டுப் பாதையின் நடு தாழ்கிறது, வெளி ஓரத்தில் வரப்புப் போல மண் ஏறுகிறது. தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. பாதையே வாய்க்காலாகிவிடும். அடுத்த வருடம் அது முழங்கால் ஆழப் பள்ளம். நடப்பவர்கள் அதை ஒதுக்கிப் பக்கத்தில் நடப்பார்கள், புல் சாகும், அங்கே இன்னொரு பள்ளம் தொடங்கும். ஆகவே வரப்பை வெட்டி எடுக்க வேண்டும். அப்புறம், ஆங்காங்கே தளத்தைத் தாழ்த்தி, தண்ணீர் திரும்பி வெளியேற மடை போல ஒரு வாய் வைக்க வேண்டும். மூன்று நாள் எனக்கு இதே வேலை.

என் முதல் மடையைப் பார்த்து எனக்கே பெருமை. ஓரமெல்லாம் சீவி, படம் வரைந்த மாதிரி இருந்தது. தலைவி வந்தார், ஒன்றும் பேசாமல் தன் பாட்டிலைத் திறந்து தண்ணீரை ஊற்றினார். அது நடுவில் குளமாக நின்றது. “இன்னும் அகலமாக, இன்னும் நீளமாக” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சின்ன வாயாக வெட்டினால் இலையும் சகதியும் சேர்ந்து ஒரே பருவத்தில் அடைத்துவிடுமாம். நான் மறுபடியும் கொத்தினேன்.

கொப்புளம், கொசு, கரடிக்கு எட்டாமல் உணவைப் பூட்டி வைக்கும் டப்பா, நீர்நிலைக்கு 200 அடி தள்ளிக் குழி தோண்டிப் போகும் காலைக்கடன் எல்லாம் உண்டு. இரண்டு நாளில் பழகிவிடும். பல குழுக்கள் முன்அனுபவம் கேட்பதில்லை. ஆனால் சுமையோடு மலை ஏறத் தெரிந்திருக்க வேண்டும், கணுக்காலை மூடும் பூட்ஸும் கையுறையும் வேண்டும். இவை இல்லாமல் உற்சாகத்தை மட்டும் சுமந்து வருகிறவர்களை மற்றவர்கள் சுமக்க வேண்டியிருக்கும்.

ஏழாம் நாள் இரவு மழை பிடித்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. தலைவிளக்கை மாட்டிக்கொண்டு என் மடையைப் பார்க்கப் போனேன். தலைவி எனக்கு முன்பே அங்கே மழைக்கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். மேலிருந்து பழுப்பாகத் தண்ணீர் வந்தது. வாயில் ஒரு குச்சி குறுக்கே கிடந்தது, அவர் பூட்ஸ் நுனியால் அதைத் தள்ளிவிட்டார். தண்ணீர் ஒரு கணம் தயங்கி, திரும்பி, சரிவில் இறங்கிப் புதருக்குள் போனது. “ம்” என்றார் அவர். இரண்டு பேரும் கூடாரத்துக்குத் திரும்பினோம்.