இரண்டு பையன்களுக்குத் தனி இலை

எல்லோருக்கும் வணக்கம். 'காலனி ஆட்சியில் தேசியமும் கல்வியும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் யார் மேடையேறினாலும் மெக்காலேயிடம்தான் தொடங்குவார்கள். 1835, இங்கிலீஷ் கல்வி வேண்டும் என்று அவர் எழுதிய குறிப்பு, குமாஸ்தா உற்பத்தி. உங்களில் பாதிப் பேர் இதைப் பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதனால் அவரை விட்டுவிடுகிறேன். நான் பேசப்போவது சாப்பாட்டைப் பற்றி.

சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் கணக்கு. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று எண்ணி அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார். 1826இல் எல்லாம் ஒன்றுசேர்ந்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று கணக்கு வந்தது. மாகாணத்தின் ஜனத்தொகை அப்போது ஒன்றேகால் கோடிக்குச் சற்று மேல். ஆக, ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளிக்கூடம். நம் பக்கத்தில் அதைத் திண்ணைப் பள்ளிக்கூடம் என்பார்கள். மணலில் விரலை வைத்து எழுத்து, அப்புறம் ஓலையும் எழுத்தாணியும், ஆத்திசூடி, எண்சுவடி. கண்டிக்கச் சட்டாம்பிள்ளை. வாத்தியாருக்குக் கூலி பிள்ளைகளின் வீட்டிலிருந்து வரும் நெல்லும் காசும்.

1931இல் காந்தி லண்டனில் பேசும்போது இதைத்தான் சொன்னார்: ஐம்பது, நூறு வருஷத்துக்கு முன் இருந்ததைவிட இந்தியாவில் இன்று எழுத்தறியாதவர்கள் அதிகம், வந்த வெள்ளைக்காரர்கள் மண்ணைக் கிளறி வேரைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போனார்கள், அழகான மரம் பட்டுப்போயிற்று என்று. கூட்டத்தில் இருந்த பிலிப் ஹார்ட்டாக் என்ற கல்வி அதிகாரி விடவில்லை. ஆதாரம் எங்கே என்று கேட்டுக் கடிதமேல் கடிதமாக எழுதினார்.

சரி, அந்த மரத்தின் நிழலில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? மன்றோவின் படிவத்திலேயே அதற்குக் கட்டம் இருக்கிறது. பிராமணர், வைசியர், சூத்திரர், 'மற்ற எல்லாச் சாதியினர்', முஸ்லிம்கள். தமிழ் ஜில்லாக்களில் பிராமணப் பிள்ளைகளைவிடச் சூத்திரப் பிள்ளைகளே அதிகம் படித்தார்கள். இதை நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் மாகாணம் முழுக்கப் பெண்பிள்ளைகள் 4,540 பேர். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு தனிக் கட்டம்கூடக் கிடையாது, 'மற்ற எல்லாச் சாதியினர்' என்பதற்குள் எங்கேயோ தேட வேண்டும். திண்ணை என்பது ஒரு வீட்டின் திண்ணைதானே? அதில் யார் ஏறலாம் என்பதை அந்த வீட்டுக்காரர்தான் முடிவு செய்வார்.

வெள்ளைக்காரன் மரத்தைச் சாகவிட்டான், உண்மை. அதற்குப் பதில் நாம் நட்ட மரம் என்ன ஆயிற்று?

1911இல் காங்கிரஸ் தலைவர் கோகலே, கல்கத்தாவில் கூடிய மத்திய சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாய ஆரம்பக் கல்வி. அதுகூட நாடு முழுக்க உடனே இல்லை. ஏற்கெனவே ஓரளவு பிள்ளைகள் படிக்கிற ஊர்களில், உள்ளூர் சபை விரும்பினால் மட்டும். மாதம் பத்து ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கிடையாது. இவ்வளவு பதவிசாகக் கேட்டும் மறு வருஷம் வாக்கெடுப்பில் ஆதரவு 13, எதிர்ப்பு 38. அதிகாரிகளோடு சேர்ந்து நிலப்பிரபுத் தரப்பு இந்திய உறுப்பினர்களும் எதிர்த்தார்கள். எதற்குப் பயந்தார்கள் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோற்கப்போகிறது என்று கோகலேக்கு முன்பே தெரியும். எங்கள் தலைமுறை தோல்விகளால்தான் நாட்டுக்குத் தொண்டு செய்ய முடியும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சர்க்கார் தராவிட்டால் நாமே பள்ளி வைப்போம் என்று ஒரு வேகம் அதற்கு முன்பே கிளம்பியிருந்தது. வங்கப் பிரிவினைக்குப் பிறகு, 1906இல், கல்கத்தாவில் தேசியக் கல்விக் கழகமே தொடங்கினார்கள். ஒத்துழையாமைக் காலத்தில் அந்த வேகம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அப்படித்தான் வ.வே.சு. ஐயரின் குருகுலம்.

ஐயர் லேசுப்பட்ட ஆளில்லை. வரகனேரியில் பிறந்து, லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்து, சாவர்க்கரின் புரட்சிக் கூட்டத்தில் சேர்ந்து, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரி வந்து, அங்கே பத்து வருஷம். குறளை இங்கிலீஷில் பெயர்த்தவர். அவர் 1922இல் தொடங்கிய குருகுலம் சேரன்மாதேவியில், தாமிரபரணிக் கரையில் நிலைத்தது. தமிழ் வழியாகப் பாடம், கைத்தொழில், உடற்பயிற்சி. சர்க்கார் காசு ஒரு தம்பிடி வேண்டாம். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, முதலில் ஐயாயிரம் கொடுத்தது. கடல் கடந்த செட்டியார்களும் கொடுத்தார்கள். மன்றோ காலத்துத் திண்ணை மாதிரி இல்லை, இது ஊர்க்காசில், நாட்டின் பெயரால் நடக்கிற பள்ளி.

அங்கே இரண்டு பிராமணப் பையன்கள் மட்டும் தனியாகச் சாப்பிட்டார்கள்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான், அவன் வீட்டில் வந்து சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது என்பார்கள். பெரியார் அப்போது காங்கிரஸ் ஆள். தெருவில் நடக்கிற உரிமைக்காக வைக்கத்தில் சிறைக்குப் போய்வந்தவர். மீதி ஐயாயிரம் கிடையாது என்றார். இன்னொரு காங்கிரஸ் தலைவர் வரதராஜுலு நாயுடு தன் 'தமிழ்நாடு' பத்திரிகையில் விடாமல் எழுதினார். ஐயரின் பதில் எளிமையானது: அந்தப் பையன்களைச் சேர்க்கும்போது அவர்கள் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இத்தனைக்கும் அவர் தன்னளவில் மற்றவர்களோடு பந்தியில் உட்காரத் தயங்காதவர். எனக்கு இந்த இடம்தான் வலிக்கிறது. கெட்டவர் ஒருவர் இதைச் செய்திருந்தால் பேச ஒன்றுமில்லை, திட்டிவிட்டுப் போகலாம். இங்கே உயிரைப் பணயம் வைத்த ஒரு மனிதருக்கு இது ஒரு சின்ன ஏற்பாடாகத் தெரிந்தது. எதிர் இலையில் உட்கார்ந்த பையனுக்கு அது சின்னதாகத் தெரிந்திருக்காது. கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவனைக் கேளுங்கள், எந்த வருஷம், எந்த ஊர், என்ன கறி என்று எல்லாம் சொல்வான்.

1925 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்த காந்தியிடம் பஞ்சாயத்து போனது. இருக்கிற இரண்டு பையன்கள் இருக்கட்டும், இனிச் சேர்க்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடட்டும் என்றார். ராஜிதான். ஆனால் இரு தரப்பும் ராஜியாகவில்லை. ஏப்ரலில் காங்கிரஸ் கமிட்டியே இரண்டாகப் பிரிந்து நின்றது. மே மாதம் ஈரோட்டில் பெரியாரின் 'குடி அரசு' பத்திரிகையின் முதல் இதழ் வந்தது. ஜூன் தொடக்கத்தில், பாபநாசத்துக் கல்யாண தீர்த்தத்தில் தண்ணீரில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து, ஐயரும் போய்விட்டார். குருகுலம் பிறகு எழுந்திருக்கவில்லை.

நவம்பரில் காஞ்சிபுரத்தில் மாகாண மாநாடு. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை, அதாவது ஒவ்வொரு சாதி, மதப் பிரிவுக்கும் பங்கு கேட்கும் தீர்மானத்தை, தலைவர் எடுத்துக்கொள்ள மறுத்தார். பெரியார் பந்தலைவிட்டு வெளியேறினார், காங்கிரஸைவிட்டும். அன்று தலைமை நாற்காலியில் இருந்தவர் திரு.வி.க. வெஸ்லி பள்ளியில் தமிழ் வாத்தியாராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு 'தேசபக்தன்' நடத்த வந்தவர். அந்தப் பத்திரிகையில் அவருக்கு அடுத்து ஆசிரியராக வந்து உட்கார்ந்தவர் வ.வே.சு. ஐயர்.