டேட்டாஷீட் எல்லாம் ஒரே இடத்தில்

வணக்கம் மக்களே, பாளையங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு சர்க்யூட் எதுவும் போடப் போவதில்லை. டவுன், அம்பை, தென்காசி, வள்ளியூர் என்று நம்ம பக்கத்தில் சால்டரிங் அயர்ன் பிடிக்கிற எல்லோருக்கும் பொதுவாக ஆன்லைனில் ஒரு டேட்டாஷீட் தொகுப்பு ஆரம்பித்திருக்கிறேன். டேட்டாஷீட் என்றால் ஒரு பார்ட்டின் அளவு, எல்லை, கால் வரிசை எல்லாவற்றையும் அதைத் தயாரித்த கம்பெனியே எழுதித் தருகிற தாள். அதைப் பற்றித்தான் பேச்சு.

அம்பையில் ஒரு தம்பி, தோட்டத்து 12 வோல்ட் பம்பை ஆர்டுவினோ ஊனோ என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டு வைத்து ஓட்டுகிறார். பம்பை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சாக ஐஆர்எஃப் 540என் என்ற மாஸ்ஃபெட் போட்டிருந்தார். அதன் 'கேட்' காலுக்கு வோல்டேஜ் கொடுத்தால் அது திறந்து கரண்டை விடும். பம்ப் ஓடியது, ஆனால் மாஸ்ஃபெட்டைத் தொட முடியாத சூடு. "த்ரெஷோல்டு 2 முதல் 4 வோல்ட்னுதானே இருக்கு, நான் 5 கொடுக்கிறேனே அண்ணே?" என்று கேட்டார். த்ரெஷோல்டு என்றால் மாஸ்ஃபெட் திறக்க ஆரம்பிக்கிற கேட் வோல்டேஜ். நியாயமான கேள்விதான். டேட்டாஷீட்டைத் திறந்து அதே வரியின் ஓரத்தைப் பாருங்கள், அப்போது ஓடும் கரண்ட் 250 மைக்ரோ ஆம்ப்தான் என்று இருக்கும். அதாவது மாஸ்ஃபெட் அப்போதுதான் லேசாகத் திறக்கிறது. நன்றாகத் திறந்தபின் மின்தடை 44 மில்லி ஓம் என்று சொல்லும் வரியில் கேட் வோல்டேஜ் 10 என்று போட்டிருக்கும். 5 வோல்ட்டில் தடை எவ்வளவு என்று கம்பெனி உறுதி கொடுக்கவே இல்லை. தடை கூடினால் சூடும் கூடும். ஐஆர்எல்இசட் 44என் என்ற வேறொரு மாஸ்ஃபெட்டின் டேட்டாஷீட்டில் 5 வோல்ட்டுக்கென்றே தனி வரி உண்டு: 25 மில்லி ஓம். அதை மாற்றியதும் சூடு அடங்கிவிட்டது.

அந்தத் தம்பிக்குப் புத்திக்குக் குறைவில்லை. சரியான தாள் கையில் இல்லை, அவ்வளவுதான். தேடினால் விளம்பரம் நிறைந்த ஏதோ ஒரு தளத்தில் ஒரு படம் மட்டும் வரும்.

தாள் சரியான பார்ட்டுக்கு உரியதா என்பதும் முக்கியம். இதோ, மூன்று கால் டிரான்சிஸ்டர்கள் சிலவற்றைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்கிறது, கால்கள் கீழே. இது பிசி 547, இடமிருந்து மூன்று கால்களும் கலெக்டர், பேஸ், எமிட்டர். இது பிஎன் 2222ஏ, எமிட்டர், பேஸ், கலெக்டர். இனி இதைப் பாருங்கள், பி2என்2222ஏ. பெயரில் நடுவில் ஒரு '2' மட்டும்தான் கூடுதல், கால் வரிசை அப்படியே தலைகீழ். அதனால்தான் நம்ம தொகுப்பில் பார்ட் நம்பரை முழுசாக, தயாரித்த கம்பெனி பெயரோடு, எந்தத் திருத்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துப் போட வேண்டும் என்கிறேன்.

கம்பெனி பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நேஷனல் செமிகண்டக்டரை 2011இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கியது. இன்டர்நேஷனல் ரெக்டிஃபையர் 2015இல் இன்ஃபினியானிடம் போனது. 2016இல் ஆட்மெலை மைக்ரோசிப்பும், ஃபேர்சைல்டை ஆன் செமிகண்டக்டரும் எடுத்துக்கொண்டன. கம்பெனி கை மாறினால் டேட்டாஷீட் இருக்கிற இடமும் மாறும், பழைய லிங்க் செத்துப் போகும்.

பதிப்புரிமை தயாரித்த கம்பெனிக்குத்தான். அதனால் நான் பிடிஎஃப்களை அள்ளிப் போடவில்லை. ஒரு கூகுள் ஷீட்தான்: ஒரு பார்ட்டுக்கு ஒரு வரி, அதில் கம்பெனி தளத்து லிங்க், பக்கத்திலேயே தமிழில் சின்னக் குறிப்பு. கால் வரிசை எந்தப் பக்கத்தில், எந்த எண்ணுக்கு என்ன நிபந்தனை என்று எழுதியிருக்கிறேன். 'அப்சல்யூட் மேக்ஸிமம்' என்பதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே எழுதினேன். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா 328பி சிப்புக்கு ஒரு காலுக்கு 40 மில்லி ஆம்ப் கரண்ட் என்பது அந்தத் தலைப்பின் கீழ்தான் வருகிறது. அது தாண்டக்கூடாத எல்லை, தினமும் ஓட்டுகிற அளவு இல்லை.

லிங்க் வீடியோவுக்குக் கீழே இருக்கிறது, யாரும் திறந்து படிக்கலாம். வரி சேர்க்க விரும்புகிறவர்கள் அனுமதி கேளுங்கள், கொடுக்கிறேன். கம்பெனியே கைவிட்ட பழைய ஐசிக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ், பிட்சேவர்ஸ் என்ற இணையக் காப்பகங்களில் ஸ்கேன் செய்த டேட்டா புக்குகள் நிறைய உண்டு, அந்த லிங்கையும் போடுங்கள். ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்த பெரியவர்கள் வீட்டுப் பரணில் அந்தக் கால டேட்டா புக் கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே வந்து பார்க்கிறேன்.