நாகப்பட்டினத்தின் வாசல் ஸ்காட்லாந்து மலையில்: மன்றோக்களின் கதை

வணக்கம் நண்பர்களே. சென்னைத் தீவுத்திடல் அருகே சேணம் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோவும், ஐதர் அலிக்குப் பயந்து காஞ்சிபுரத்தில் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கிய மன்றோவும் ஒரே ஆள்தானா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இல்லை, இருவரும் வேறு வேறு. நம் பக்கம் வந்த மூன்றாவது மன்றோ ஒருவரும் உண்டு.

முதலில் பீரங்கிக்காரர். இவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத் தளபதி ஹெக்டர் மன்றோ. 1764-இல் பக்சார் போரில் வென்றவர். 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படையை ஐதரின் மகன் திப்பு சூழ்ந்து அழித்தபோது, இவர் பக்கத்தில் காஞ்சிபுரத்திலேயே இருந்தார். உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. அந்தப் பழியோடு இருந்தவர் மறு ஆண்டே டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை இந்த வீடியோவே எடுக்க வைத்தது. ஸ்காட்லாந்தின் வடக்கே ஆல்னஸ் என்று ஒரு ஊர். அதற்கு மேலே ஃபைரிஷ் மலை உச்சியில் வளைவுகளும் தூண்களுமாக ஒரு கல் கட்டடம் நிற்கிறது. 1782-இல் ஹெக்டர் தன் செலவில் எழுப்பியது. நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயலில் கட்டியதாகச் சொல்கிறார்கள். பட்டினியில் கிடந்த அவ்வூர் மக்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்றுதான் வேலையைத் தொடங்கினாராம். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று, மேலே ஏற்றிய கற்களை அவரே உருட்டிவிட்டார் என்றும் ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, கட்டடம் இருக்கிறது, நடந்தே ஏறிப் பார்க்கலாம். நாகப்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பள்ளியிலேயே சொல்லித் தர வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

சரி, சிலைக்காரர் தாமஸ் மன்றோ. கிளாஸ்கோவில் பிறந்து, 18 வயதில் 1780-இல் சென்னை வந்தார். முதலில் போருக்குப் போனது அதே ஹெக்டரின் படையில்தான்! குழப்பம் வராமல் என்ன செய்யும்? ஆனால் இவர் பெயர் நின்றது வாளால் அல்ல, நிலவரிக் கணக்கால். பாராமகால் என்ற இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் 1792 முதல் வேலை பார்த்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை வளர்த்தெடுத்தார். அந்த வரி கனமானதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கால் பங்கு குறைக்க வேண்டும் என்று 1807-இல் எழுதியவரும் இவரே. அப்போது மேலிடம் கேட்கவில்லை. 1820-இல் சென்னை மாகாணக் கவர்னரானார். 1822-இல் மாகாணம் முழுக்கத் திண்ணைப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். நம் பழைய கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தக் கணக்கைத்தான் புரட்டுகிறார்கள். ஊர் திரும்பும் தறுவாயில், 1827 ஜூலையில், இன்றைய ஆந்திராவிலுள்ள பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார்.

      

அப்புறம் அந்த மூன்றாமவர், ஜான் மன்றோ. இவர் குடும்பத்தின் டீனினிக் பண்ணை அதே ஆல்னஸ் ஊரில்தான் இருந்தது. திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக, அதாவது அரண்மனையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்து, 1811 முதல் சில ஆண்டுகள் திவானாகவும் ஆட்சி நடத்தினார். கொல்லம் பக்கம் கல்லடை ஆறு அஷ்டமுடி ஏரியில் சேரும் இடத்தில் உள்ள மன்றோ துருத்து என்ற தீவு இவர் பெயர் கொண்டதுதான். படகில் சுற்ற அருமையான இடம். ஆனால் கடல் ஓதம் ஏறும்போதெல்லாம் அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது, பல குடும்பங்கள் ஊரை விட்டே போய்விட்டன. போகிறவர்கள் படகுக்காரர்களிடம் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.