பாதி வழியில் சந்திப்போம்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே அமெரிக்காவில் கோடை விடுமுறை வரப்போகிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர், வேறு மாநிலத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கோ நாத்தனார் வீட்டுக்கோ காரில் போவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருப்பீர்கள். ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்திருப்பார்கள். பின் இருக்கையில் பிள்ளைகள், டிக்கியில் ரைஸ் குக்கர்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வழியில் தென்படும் ராட்சதப் பொம்மை, சோள மாளிகை மாதிரியான கிறுக்குத்தனமான இடங்களை, பிள்ளைகளின் நச்சரிப்புக்காகப் பத்து நிமிடம் நிறுத்தும் இடமாக நினைக்காதீர்கள். முடிந்தால் சொந்தக்காரர்களையும் அங்கேயே வரச் சொல்லுங்கள்.

வீட்டில் சந்தித்தால் என்ன நடக்கிறது? ஒருவர் அடுப்படியை விட்டு நகர மாட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் போனோடு இருப்பார்கள். பெரியவர்கள் சோபாவில் உட்கார்ந்து, யாராவது பேச வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாலு நாள் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, கிளம்பும்போது கார் கதவைப் பிடித்துக்கொண்டுதான் உருப்படியாக அரைமணி நேரம் பேசுவோம். உண்மையா இல்லையா?

இந்தக் கிறுக்கு இடங்கள் முளைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அன்று இருவழிச் சாலைகள்தான். ஒவ்வொரு ஊரின் நடுவிலும் நுழைந்துதான் போக வேண்டும். போகிற காரை நிறுத்த வைத்தால்தான் கடைக்காரருக்குச் சாப்பாடு. தெற்கு டகோடாவில் வால் என்ற சின்ன ஊரில் 1931இல் டெட் ஹஸ்டெட் என்பவர் ஒரு மருந்துக்கடையை வாங்கினார். ஐந்து வருடம் பார்ப்போம், தேறாவிட்டால் கிளம்பிவிடுவோம் என்று அவருக்கும் மனைவி டோரத்திக்கும் பேச்சு. வருடக்கணக்கில் ஈ ஓட்டினார்கள். 1936 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளோடு கொஞ்சம் கண்ணயரலாம் என்று போன டோரத்தியைச் சாலையில் போன கார்களின் சத்தம் தூங்கவிடவில்லை. எழுந்து வந்து கணவரிடம் சொன்னார்: இத்தனை பேர் வெயிலில் வெந்துகொண்டு போகிறார்கள், ஐஸ் தண்ணீர் இலவசம் என்று சாலையோரம் பலகை வைப்போம். டெட் பலகைகளை நட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கடையில் ஆள் வந்துவிட்டது. நாம் புண்ணியத்துக்கு வைக்கும் தண்ணீர்ப் பந்தலை அந்தம்மா வியாபாரத்துக்கு வைத்தார், அவ்வளவுதான். இன்றைக்கும் அங்கே ஐஸ் தண்ணீருக்குக் காசு கிடையாது.

அப்புறம் 1956இல், ஐசன்ஹோவர் அதிபராக இருந்தபோது, நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் சாலைகள் ஊர்களை ஓரம் தள்ளிவிட்டுப் போயின. புகழ்பெற்ற ரூட் 66 கூட 1985இல் அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சில ஊர்கள் சும்மா இருக்கவில்லை. மினசோட்டாவில் ப்ளூ எர்த் என்ற ஊர், பக்கத்தில் ஐ-90 என்ற இன்டர்ஸ்டேட் சாலை வந்ததும், 1979இல் காய்கறி டப்பா விளம்பரத்தில் வரும் பச்சை மனிதரை ஐம்பத்தைந்து அடிக்கு மேல் உயரமான சிலையாக நிறுத்தி வைத்தது. அவரைப் பார்க்கவென்றே வண்டியைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் திருப்பியிருக்கிறேன்.

அதே ஐ-90இல் மேற்கே போனால் தெற்கு டகோடாவின் மிட்செல் ஊர். அங்கே சோள மாளிகை, கார்ன் பேலஸ். 1892இல் தொடங்கிய வழக்கம். இப்போதுள்ள கட்டடம் 1921இல் வந்தது. சுவர் ஓவியங்கள் முழுக்க மக்காச்சோளக் கதிர்தான். சாயம் பூசுவதில்லை, கதிரின் இயல்பான நிறங்களையே வைத்துப் படம் வரைகிறார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். கதிரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, வெட்டிய பக்கம் சுவரில் படும்படி வைத்து ஆணி அடித்திருப்பார்கள். என் அப்பாவும் மாமனாரும் சம்பந்தி மரியாதைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அந்தச் சுவரடியில் நின்று, மழை பட்டால் பூஞ்சை பிடிக்காதா, குருவி விட்டு வைக்குமா என்று இருவரும் விவாதித்ததில் நாங்கள் சாப்பிடப் போகவே நேரமாகிவிட்டது. இரண்டு பேரும் விவசாயக் குடும்பம். வீட்டில் அந்தப் பேச்சு எடுக்க வழியே இருந்ததில்லை. (குருவி விட்டு வைப்பதில்லை என்பதுதான் பதில்.)

ஆனால் நான் இன்று முக்கியமாகச் சொல்ல நினைத்தது நெப்ராஸ்காவின் அலயன்ஸ் ஊருக்கு வெளியே இருக்கும் கார்ஹெஞ்ச் பற்றி. ஜிம் ரெய்ண்டர்ஸ் என்ற பொறியாளர் இங்கிலாந்தில் வாழ்ந்தபோது, அங்கே பழங்காலத்தில் பெருங்கற்களை வட்டமாக நட்டு வைத்த ஸ்டோன்ஹெஞ்சைக் கவனமாகப் பார்த்தவர். 1982இல் அவருடைய அப்பா இறந்தார். துக்கத்துக்குக் கூடிய குடும்பம், அப்பாவுக்கு ஒரு நினைவுச்சின்னம் வைக்க வேண்டும் என்று பேசியது. ஐந்து வருடம் கழித்து எல்லோரும் இங்கேயே கூடுவோம், சேர்ந்து கட்டுவோம் என்று முடிவாயிற்று. சாவு வீட்டில் இப்படி எத்தனையோ பேசுவோம். யார் திரும்பி வருகிறோம்? அவர்கள் வந்தார்கள். 1987 கோடையில் ஏறக்குறைய முப்பத்தைந்து பேர், அப்பா வாழ்ந்த அந்தப் பண்ணை நிலத்திலேயே வேலையைத் தொடங்கினார்கள். பழைய கார்களை ஐந்தடிக் குழியில், பின்பக்கம் கீழே போக, செங்குத்தாக நட்டார்கள். அவற்றின் தலையில் வேறு கார்களைக் குறுக்கே படுக்க வைத்து வெல்டிங் செய்தார்கள். மொத்தம் 39 கார், கிட்டத்தட்ட 96 அடி விட்டத்தில் ஒரு வட்டம். எல்லாவற்றுக்கும் கல் நிறத்தில் சாம்பல் பெயின்ட். அந்த ஜூன் மாதம், ஆண்டின் மிக நீண்ட பகலை ஒட்டித் திறப்பு விழா.

ஊர்க்காரர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஓட்டை உடைசலை நட்டு வைத்திருக்கிறார்கள், பிடுங்குங்கள் என்றார்கள். இன்னும் சிலர் சங்கம் அமைத்துக் காப்பாற்றினார்கள். இன்று அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே அதுதான் நினைவுக்கு வருகிறது.

ஓக்லஹோமாவில் கட்டூசா ஊரில், ரூட் 66 ஓரத்தில் ஒரு குளத்துக்குள் 80 அடி நீளத்தில் ஒரு நீலத் திமிங்கிலச் சிலை நிற்கிறது. மிருகக்காட்சி சாலையில் இருந்து ஓய்வு பெற்ற ஹியூ டேவிஸ், திமிங்கிலப் பொம்மை சேர்க்கும் மனைவிக்கு மணநாள் பரிசாகக் கட்டியது. நகை வாங்கிக் கொடுப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வரைபடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். சுற்றிலும் ஒரு மணி நேரத் தூரத்தில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். கையால் ஏதாவது செய்யக்கூடிய இடமாக இருந்தால் விசேஷம். கான்சஸில் காக்கர் சிட்டி என்ற ஊரில், 1953இல் ஒரு விவசாயி சுற்றத் தொடங்கிய நார்க்கயிற்றுப் பந்து இருக்கிறது. வருகிறவர்களும் அதில் கயிறு சுற்றலாம். பேரனும் தாத்தாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுற்றட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அலயன்ஸ் பக்கம் கோடையில் நிழல் என்பதே கிடையாது. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். பெரியவர்களுக்குத் தொப்பி, நிறையத் தண்ணீர், ஒரு மடக்கு நாற்காலி. நாற்காலியை மட்டும் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். சம்பந்தியும் பக்கத்தில் உட்கார வேண்டுமே.